தொண்ணூற்றிரண்டாவது தேங்காய்

திருவிழா நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து பஞ்சாலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்து முடித்த துணியையே மறுபடி வாளியில் போட்டு அலசினாள். உலை வைத்ததை மறந்து வாசலுக்குப் போனாள். வாசலில் எதற்கு நிற்கிறோம் என்று மறந்து உள்ளே வந்தாள். கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திவிட்டு இரண்டு வீடு தள்ளியிருந்த கொழுந்தன் மகேந்திரன் வீட்டுக்குப் போய், அவர் மகள் ரோகினியின் முன்னால் நின்றாள்.

"அந்தப் பொட்டியத் தொற. ஒரு கணக்குப் பாக்கணும்."

என்ன கணக்கு என்று சொல்லுமுன், கண்ணுகளா, அந்தக் கோயில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் தவிப்பு உங்களுக்குப் பிடிபடாது.

ரந்தாவ் என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்குப் பழம் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஒரு மாரியம்மன் கோயில். கோயிலுக்கு வரி கட்டுகிற குடும்பத்துக்குத் தலைக்கட்டு என்று பெயர். பெரிய பூசையன்று ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் ஒரு தேங்காயோடு முன்னால் வரவேண்டும். அம்மன் எதிரே சதுரமாக ஒரு மரச்சட்டம் கிடக்கும். அதற்குள் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை தேங்காய் வைப்பார்கள். அதன் மேலே, குழிகளில் உட்காருகிற மாதிரி, ஐந்து வரிசை ஐந்தைந்தாக. பிறகு நாலு வரிசை. இப்படிக் குறுகிக்கொண்டே போய் உச்சியில் ஒரே ஒரு தேங்காய். அந்த உச்சிக்காய் கோயில் தலைவர் நல்லசாமி வீட்டுடையது. அவர் தாத்தா கங்காணியாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். ஆறடுக்கு, மொத்தம் தொண்ணூற்றொரு தேங்காய். பூசை முடிந்து உடைத்தால் ஒரு மூடி அம்மனுக்கு, ஒரு மூடி வீட்டுக்கு.

பஞ்சாலையின் கணவன் சன்னாசி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அவன் இடம் காலியானது. ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகளைத் தம்பினில் கட்டிக்கொடுத்தாயிற்று. அந்த இடத்தைத் தலைவர் தன் மருமகன் ஷங்கருக்குக் கொடுத்தார். பஞ்சாலையிடம், "நீ மகேந்திரன் தலைக்கட்டுல சேந்துக்கம்மா, எல்லாம் ஒரே ரத்தந்தானே" என்றார். அதற்கப்புறம் வந்த திருவிழாக்களில் மகேந்திரன் வீட்டு மூடியை இரண்டாக உடைத்து, ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அவளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அந்தத் துண்டை அவளால் துருவவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. காலையில் எழுந்து செம்பனைக் காட்டுக்குப் போய் உதிர்ந்த பழம் பொறுக்குகிறாள். அந்தச் சம்பளத்தில் தண்ணீருக்கும் கரண்டுக்கும் கட்டுகிறாள். அந்த வீட்டில் விளக்கு எரிகிறதென்றால் அவள் ஏற்றுவதால் எரிகிறது. அது ஒரு வீடு இல்லையா? அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் பெயரைக் கூப்பிட வேண்டும். அவள் தேங்காய் அந்த அடுக்கில் ஏற வேண்டும்.

கேட்டுப் பார்த்தாள். நல்லசாமி கோபப்படவில்லை.

"தரக்கூடாதுன்னு எனக்கென்ன வேண்டுதலா பஞ்சாலை? வைக்க எடமில்லயே. உச்சியில ஒண்ணு வச்சப்புறம் முட்டிப்போச்சு. தொண்ணூத்திரண்டாவது தேங்காய எங்க வைக்கச் சொல்ற, என் மண்டையிலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பொய் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவர் சொன்னது மெய்யாகவும் இருந்ததுதான் அவளை உட்காரவிடாமல் அடித்தது.

"பெரியம்மா, மொதல்ல உக்காருங்க லா. நீங்க நடக்குறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றாள் ரோகினி.

"உக்காந்தா எனக்குச் சுத்துது. நீ தொற."

ரோகினிக்குச் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை. அட்டைப்பெட்டிகளை எத்தனை அடுக்கு ஏற்றலாம், ஒரு லாரிக்கு எத்தனை என்று நாள் முழுக்க எக்செல்லில் கட்டம் கட்டமாகப் பார்ப்பவள். மடிக்கணினியைத் திறந்து, முதல் பத்தியில் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை அடித்தாள்.

"இது அடுக்கு. உச்சி ஒண்ணாவது. ஒவ்வொரு அடுக்குலயும் எத்தன தேங்கான்னா, அந்த எண்ண அதாலயே பெருக்கணும். ரெண்டாவதுல நாலு. மூணாவதுல ஒம்போது. ஒரு கட்டத்துல ஃபார்முலா போட்டா போதும், மூலையப் புடிச்சிக் கீழ இழுத்தா மத்ததெல்லாம் தானா ரொம்பிக்கும்."

பஞ்சாலை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "சாமிக்குன்னு ஒண்ணு சேத்துப் போடும்மா. வெறும் எண்ணா விடாத. மொய்கூட நூத்தொண்ணுதானே எழுதுறோம்."

ரோகினியும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. கல்யாணத்துக்கு ஐம்பத்தொன்று, கோயிலுக்கு நூற்றொன்று என்று பார்த்துப் பழகிய கை. யோசிக்காமலே ஃபார்முலாவின் வாலில் ஒன்றைக் கூட்டினாள். மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அடியில் மொத்தம் வந்து நின்றது: தொண்ணூற்றேழு.

"பெரியம்மா!" என்று கத்தினாள். "தொண்ணூத்தேழு புடிக்குமாம்! இன்னும் ஆறு எடம் இருக்கு!"

பஞ்சாலை அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உடனே எழுந்தாள். "வா, கூட்டத்துல காட்டலாம்."

கோயில் பலாய் மண்டபத்தில் கூட்டம். மகேந்திரன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனபோது கால் கட்டைவிரலைப் பார்க்கத் தொடங்கினார்.

நல்லசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். மறுபடி மேலே போனார்.

"உச்சியில எத்தனன்னு போட்டிருக்க?"

ரோகினி பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. "ரெண்டு."

"உச்சியில ரெண்டா? ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்கு, என் பொண்டாட்டிக்கா?"

செயலாளர் முகுந்தன் வாயில் எப்போதும் ஒரு குத்தல் தயாராக இருக்கும். "காத்துல நிக்கும் தலைவரே. கம்ப்யூட்டர் தேங்கா."

பலாயே சிரித்தது. பஞ்சாலையும் ரோகினியும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னாலேயே மோட்டர்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த மகேந்திரன், "இதோட விட்டுருங்க அண்ணி. நாளைக்கு இதே ரோட்டுல நடக்கணும்" என்றார். அவள் நிற்காமல் நடந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் தோட்டத்து வேலையிலும் நிலையாக இல்லை. பழம் பொறுக்கிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நிமிர்ந்து எதையோ எண்ணுவாள். குனிவாள், விட்ட இடம் மறந்துபோகும். சாயங்காலம் குளித்த ஈரத்தலையோடு ரோகினி வீட்டுக்குப் போனாள்.

"தப்பு என் வாயிலதான். சாமிக்கு ஒண்ணுன்னேன். நீ அடுக்குக்கு ஒண்ணா ஆறு தடவ குடுத்திருக்க."

"தெரியும் பெரியம்மா. அன்னைக்கே பாத்துட்டேன்." ரோகினியும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். வாலில் கூட்டிய ஒன்றை எடுத்துவிட்டு இழுத்தால் சரியாகத் தொண்ணூற்றொன்று வந்தது. அவர் சொன்னதுதான் சரி. சதுரத்தை விட்டு முக்கோணமாக அடுக்கிப் பார்த்தாள்: ஒன்று, மூன்று, ஆறு, பத்து. அது எண்பத்து நாலில் நின்றது, அடுத்த அடி நூற்றிருபதுக்குத் தாவியது. நடுவில் இவர்களுக்கு வேண்டிய எண் இல்லை.

"நெசமா அடுக்கிப் பாப்போம்" என்று ரோகினி எழுந்தாள். ஊறுகாய் போட வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கூடையோடு கொண்டுவந்தாள். உருளாமல் இருக்க ஒரு தட்டு வேண்டும். கைக்குக் கிடைத்தது நீளமான காப்பித்தட்டு. அகலத்தில் மூன்று பழம் பிடித்தது, நீளத்தில் நாலு. பன்னிரண்டு. அதன் மேல் குழிகளில் வைத்தால் ஆறு. அதற்கு மேல்...

இரண்டு.

இருவரும் அந்த இரண்டு எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஆடாமல் அசையாமல், வீட்டுக் கூரையின் முகடு மாதிரி உட்கார்ந்திருந்தன.

"உச்சியில ரெண்டு!" என்று பஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரு பொண்டாட்டிக்கும் எடம் இருக்கு!"

ரோகினி சிரிக்கவில்லை. அவள் கை ஏற்கெனவே விசைப்பலகைக்குப் போய்விட்டது. அடி சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அடுக்குக்கு ஒரு பத்தி, முகட்டின் நீளத்துக்கு ஒரு வரிசை. முகட்டில் ஒரு காய் கூடினால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு வரிசை நீளும். ஃபார்முலாவை எழுதி, இம்முறை பக்கவாட்டிலும் கீழேயும் இழுத்தாள். திரை முழுக்க எண்கள் கொட்டின. ஆறடுக்கில் தொண்ணூற்றொன்றுக்கு அடுத்தது நூற்றுப் பன்னிரண்டு. ஐந்தடுக்கில் எண்பத்தைந்து, நூறு. நாலடுக்கில் தொண்ணூறு, அடுத்தது நூறு. மூன்றடுக்கு ஆறாறாக ஏறியது. எண்பது, எண்பத்தாறு...

"தொண்ணூத்திரண்டு" என்றாள் ரோகினி மெதுவாக. பயமாக இருந்தது அவளுக்கு. வாலில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு விரல் விட்டுக் கூட்டினாள். அடியில் மூன்று வரிசை, வரிசைக்குப் பதினாறு: நாற்பத்தெட்டு. நடுவில் இரண்டு வரிசை, பதினைந்து பதினைந்து: முப்பது. மேலே ஒரே வரிசை பதினாலு. சரியாக இருந்தது.

"உச்சியில பதினாலு பேரா?" என்றாள் பஞ்சாலை.

"பதினாலு பேர்."

பஞ்சாலை எழுந்து வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். "அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றாள். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

நல்லசாமி தன் வீட்டில் அவர்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ரோகினி திரையைக் காட்டக் காட்ட, தாடையைத் தடவிக்கொண்டே பார்த்தார். ஒவ்வொரு அடுக்காகத் தானே கூட்டினார். அவர் மக்கு இல்லை, கண்ணுகளா. பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது.

"கணக்கு சரிதான்" என்றார். "ஆனா எங்க தாத்தா வச்ச உச்சிய எறக்கிப் பதினாலு பேரோட வரிசையில நிக்கச் சொல்ற."

"எறக்கல மாமா. நீங்களும் மேலதான் இருக்கீங்க" என்றாள் பஞ்சாலை.

"மேல இருக்குறது வேற, உச்சியில இருக்குறது வேற." காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "சரி, நானும் வேணாம், நீயும் வேணாம். பூக்கட்டிப் பாப்போம். செவப்பு வந்தா ஓன் நீட்ட அடுக்கு. வெள்ள வந்தா பழையபடி. ஆத்தா சொல்லட்டும். அதுக்கப்புறம் யாரும் பேசக்கூடாது."

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், வீடு மாறுவது, பெரிய ஆபரேஷன் என்று எல்லாவற்றுக்கும் அங்கே பூக்கட்டிப் பார்ப்பதுண்டு. ரோகினி பெரியம்மாவின் கையை அழுத்தினாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதுவரை கிடைத்ததில் பெரிய வாய்ப்பு அதுதான்.

பஞ்சாலை கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா."

"ஏம்மா, ஆத்தா மேல நம்பிக்க இல்லயா?"

"அது இருக்கப்போயிதான் வேணாங்கிறேன். பொண்ணக் குடுக்கலாமா, வீடு மாறலாமான்னு கேப்பேன். என் வீட்டுல ஆள் இருக்கான்னு எதுக்குக் கேக்கணும்? அவ தெனம் பாத்துக்கிட்டுதானே இருக்கா?"

நல்லசாமியின் குரலில் சூடேறியது. "அப்ப இந்த வருஷமும் மகேந்திரனோடதான். போயிட்டு வா."

வெளியே வந்ததும் ரோகினிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஒத்துக்கிட்டிருக்கலாம் பெரியம்மா! செவப்பு வந்திருந்தா?"

"வெள்ள வந்திருந்தா?" என்றாள் பஞ்சாலை. "அப்ப நான் ஆத்தா சொல்லியே ஆளில்லாத வீடு ஆகியிருப்பேன்." வேகவேகமாக முன்னால் நடந்தாள்.

ரோகினி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மகேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவள் ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒண்ணு கூடுனா எடமில்லன்ற. ஒண்ணு கொறஞ்சா?"

"கொறஞ்சாவா? தலைவர்தானே கடைசியா வைப்பாரு? அவரு காய் கீழருந்து அஞ்சாவது அடுக்குல நாலாவது ஆளா உக்காந்துக்கும். உச்சி காலியா இருக்கும்."

மகேந்திரன் தலையாட்டினார். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பெரிய பூசை உச்சி வேளையில். லோபாக்கிலிருந்தும் தம்பினிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கோயிலுக்குள் வேர்வையும் கற்பூரமும் கலந்த புழுக்கம். வெளியே மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அடிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. பெண்கள் பக்கம் பஞ்சாலை ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். அவள் கையிலும் ஒரு தேங்காய் இருந்தது, வாசலில் முனியாண்டிக்கு உடைப்பதற்காக. பக்கத்தில் விமலா. புருஷன் விட்டுப் போன பிறகு தாய்வீட்டோடு வந்துவிட்டவள். அவள் கையிலும் அதேபோல ஒன்று.

முகுந்தன் ஒலிபெருக்கியில் கூப்பிடத் தொடங்கினான். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். அடி அடுக்கு நிறைந்து கொண்டிருந்தது.

"தலைக்கட்டு மகேந்திரன்!"

யாரும் வரவில்லை.

"தலைக்கட்டு மகேந்திரன்! அண்ணே, தூணுக்குப் பின்னால என்ன ஒளிஞ்சு வெளையாட்டு? வாங்க!"

மகேந்திரன் தூணோடு தூணாக, தேங்காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். "நீ கூப்பிட்டுக்கிட்டுப் போ. நான் அப்புறமா வரேன்" என்றார்.

முகுந்தன் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். இரண்டாவது அடுக்கு எழுந்தது. மூன்றாவது. நாலாவது. ரோகினி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போகப் போகக் காய் உருளாமல் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். கடைசியில் நல்லசாமி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த தேங்காயைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். அடுக்கின் முன்னால் வந்தவர் நின்றுவிட்டார்.

நாலு காய் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. உச்சிக்காய் உட்கார வேண்டிய குழியே இல்லை.

"யாரோடது கொறையுது?"

"நம்மது தலைவரே" என்றார் மகேந்திரன். "அண்ணி பேரக் கூப்பிட்டா நான் வைக்கிறேன்."

"கோயிலுக்குள்ள நின்னுகிட்டு மெரட்டுறியா?"

"மெரட்டல. ரெண்டு வீட்டுக்கு ஒரு தேங்கா வைக்க எனக்கு வெக்கமா இருக்கு."

சலசலப்பு எழுந்தது. மருமகன் ஷங்கர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மாமா, இதுக்குப் போயி! நான் ஒரு காய் எடுத்துட்டு வந்து வைக்கிறேன். முடிஞ்சிச்சு."

"நில்லு" என்றார் நல்லசாமி. "பேர் சொல்லாத காய் ஆத்தா முன்னால ஏறாது." அது அவர் தாத்தா வைத்த விதி. அதையும் அவர்தான் இத்தனை வருஷமாகக் காத்து வந்தார்.

பூசாரி உள்ளேயிருந்து, "நல்ல நேரம் போயிக்கிட்டிருக்கு" என்றார். மேளக்காரர்கள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது. நல்லசாமி தாம்பாளத்தோடு அடுக்கின் முன்னால் நின்றார். வைத்தால் நாலாவது ஆள். வைக்காவிட்டால் பூசை இல்லை. அவர் மகேந்திரனைப் பார்க்கவில்லை, பஞ்சாலையையும் பார்க்கவில்லை. அந்த மூன்று தேங்காயையே பார்த்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை.

"ரோகினி" என்றார். "அந்த நீட்டக் கணக்கு இருக்கா கையில?"

அவள் கைபேசியைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தேங்காய்களை இறக்கிச் சாக்கில் பரப்பினார்கள். சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களை வெட்டிக் கொண்டுவந்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கரையாகப் போட்டார்கள். "மூணு போடு, மூணு, நாலு இல்ல" என்று ரோகினி கத்திக்கொண்டே இருந்தாள். இரண்டு காய் உருண்டு ஒருவர் காலில் மோதின. முகட்டில் யார் யார் என்று ஒரு சண்டை மூளப் பார்த்தது. "கூப்பிடுற வரிசையில கடைசி பதினாலு பேர். பேச்சு முடிஞ்சிச்சு" என்று நல்லசாமி வெட்டினார்.

முகுந்தன் முதலிலிருந்து கூப்பிட்டான். இந்தத் தடவை மகேந்திரன் பெயர் வந்ததும் ஓட்டமாக ஓடி வந்து வைத்தார். முகுந்தன் ஒரு கணம் தாளைப் பார்த்தான். அடுத்துக் கூப்பிட வேண்டிய பெயர் தாளில் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தலைக்கட்டு பஞ்சாலை!"

அவள் நகரவில்லை. இத்தனை நாள் நிற்க முடியாமல் நடந்த கால், இப்போது நடக்க மறந்துவிட்டது. விமலாதான் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "போங்கக்கா, அடுத்தாளக் கூப்பிட்டுருவான்."

முனியாண்டிக்கு வைத்திருந்த தேங்காயைத்தான் கொண்டுபோனாள். அடி அடுக்கில், நடு வரிசையில் அவள் இடம். குனிந்து வைத்தாள். நேராக உட்காரவில்லை. கொஞ்சம் திருப்பினாள். உட்கார்ந்தது. திரும்பி வந்து கூட்டத்தில் நின்றபோது அவளுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள். மேலே மேலே காய்கள் ஏறி அவளுடையது மறைந்துபோனது. முகட்டில் பதினாலாவதாக, ஓரத்தில், நல்லசாமியின் குங்குமத் தேங்காய் உட்கார்ந்தது. அவர் விலகி வந்து தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். தொண்ணூற்றிரண்டு. ஒன்று மிச்சமில்லை, ஒரு குழி காலியில்லை.

பூசாரி கற்பூரத்தட்டை எடுத்தார்.

அப்போதுதான் விமலா முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தேங்காயை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நானும் என் பிள்ளைங்களும் தனியாத்தான் பொங்கித் திங்கிறோம்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "என் பேரையும் கூப்பிடச் சொல்லுங்க."

நல்லசாமி உட்காரப் போனவர் எழுந்தார். "பாத்தியா? பாத்தியா மகேந்திரா? இதுக்குத்தான் நான் முட்டிப்போச்சுன்னு சொன்னேன்!"

எல்லாத் தலையும் ரோகினி பக்கம் திரும்பியது. அவள் கைபேசித் திரையை விரலால் நீட்டி நீட்டித் தேடினாள். மூன்றடுக்கில் தொண்ணூற்றிரண்டுக்கு அடுத்தது தொண்ணூற்றெட்டு. இரண்டடுக்கில் தொண்ணூற்றைந்து. நாலில் இல்லை, ஐந்தில் இல்லை. தொண்ணூற்றுமூன்று எந்த அடுக்கிலும் வரவில்லை.

"வராது பெரியம்மா" என்றாள் பஞ்சாலையின் காதில். அழுதுவிடுவாள் போலிருந்தது. "எப்படி அடுக்குனாலும் வராது."

பஞ்சாலை விமலாவைப் பார்த்தாள். அந்தப் பெண் தேங்காயை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியாமல், திரும்பிப் போகவும் முடியாமல். பஞ்சாலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"வராட்டிப் போகுது" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "அடுக்குறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பேரக் கூப்பிடுங்க."

நல்லசாமி வாயைத் திறந்தார், முகட்டை ஒரு தடவை பார்த்தார், மூடிக்கொண்டார். கற்பூரம் தட்டில் கரைந்துகொண்டிருந்தது. முகுந்தன் ஒலிபெருக்கியைத் தூக்கினான். தலைவர் தலையசைக்கிறாரா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"தலைக்கட்டு விமலா!"